மரபுத்தொடரில் மரபு யாருடையது?

1

பள்ளியொன்றில் மொழி சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவர் ஒரு வேலை கொடுத்தார். “ஃபிரேஸ், இடியம், எக்ஸ்பிரஷன், இந்த மூணுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரே ஒரு பக்கத்துல எழுதித் தாங்க தோழர். பசங்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துடறேன்.” ஒரு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

தடுமாற்றம் பெயர்களிலேயே தொடங்கியது. ஃபிரேஸ் என்பதைச் சொற்றொடர் என்கிறோம்; முழு வாக்கியத்துக்கும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். இடியம் என்பதற்கு மரபுத்தொடர் நிலைத்துவிட்டது. எக்ஸ்பிரஷனுக்கு அப்படி நிலைத்த சொல் இல்லை. வெளிப்பாடு என்றால் அது கலை விமர்சனத்தின் பக்கம் போய்விடுகிறது. எனவே இங்கே தொடர், மரபுத்தொடர், சொல்வழக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

நோட்ஸ் புத்தகங்கள் தரும் விடை நமக்குத் தெரியும். சொற்களின் பொருளைக் கூட்டினால் பொருள் வருவது தொடர். கூட்டினாலும் வராமல் வேறொரு பொருள் வருவது மரபுத்தொடர். ஒருவர் தன் கருத்தைச் சொல்லும் எந்த விதமும் சொல்வழக்கு. இரண்டு மார்க் விடைக்கு இது போதும். ஆனால் பேச்சில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் நிற்க மாட்டேனென்கிறது.

‘போடு’ என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்வோம். ‘பெட்டியைக் கீழே போடு’ என்பது தொடர், சந்தேகமில்லை. ‘சட்டை போடு’ என்பதில் கீழே போடுதல் இல்லை. ‘கோலம் போடு’, ‘காபி போடு’, ‘சண்டை போடு’ என்று போகப் போக ‘போடு’ தன் பொருளைப் பக்கத்துச் சொல்லிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. ‘தாளம் போடு’ என்பது கச்சேரியிலும் நடக்கும், பணக்காரன் வீட்டு வாசலிலும் நடக்கும். ‘நாமம் போடு’ என்பது நெற்றியிலிருந்து கிளம்பிக் கடன் கொடுத்தவன் தலையில் போய் நிற்கிறது. கடைசியில் ‘அப்படிப் போடு!’ என்கிறோம். அங்கே போடுவதற்கு ஒரு பொருளுமில்லை. எதிரில் இருப்பவரை மெச்சுகிற ஒரு குரல்தான் இருக்கிறது. இந்த வரிசையில் எந்த இடத்தில் கோடு கிழித்து இதுவரை தொடர், இங்கிருந்து மரபுத்தொடர் என்று சொல்வது? எங்கே கிழித்தாலும் யாராவது ஒருவர் அதைத் தாண்டி நின்று பேசிக்கொண்டிருப்பார்.

2

இந்தச் சிக்கல் அமைப்பியலின் தந்தைக்கே இருந்திருக்கிறது. சசூர் இறந்தபின் 1916இல் வெளியான அவருடைய பாடங்களில், மொழி என்னும் பொது அமைப்பையும் தனிமனிதர் பேசும் பேச்சையும் அவர் பிரித்துவைக்கிறார் என்பது நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் பழகிய விஷயம். சொற்கள் அமைப்பைச் சேர்ந்தவை; அவற்றைக் கோத்து வாக்கியம் செய்வது பேச்சைச் சேர்ந்தது, பேசுபவரின் சுதந்திரம். ஆனால் அதே நூலில் ஓரிடத்தில் அவர் நிறுத்தி, சில கோவைகள் அப்படியே ஆயத்தமாக அமைப்பிலிருந்து வருகின்றன, பேசுபவர் அவற்றை மாற்ற முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். அதோடு, கோவைகளின் களத்தில் பொது வழக்குக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் நடுவே துல்லியமான எல்லை இல்லை என்றும் சொல்லிவிடுகிறார். அவர் கட்டிய வீட்டில் இந்த ஒரு ஜன்னல் சாத்தப்படாமல் நிற்கிறது. அந்நூலைத் தொகுத்த இருவரில் ஒருவரான சார்ல் பாயி, தம்முடைய 1909ஆம் ஆண்டு நடையியல் நூலிலேயே பிரெஞ்சின் நிலைத்தொடர்களை வகைப்படுத்தப் பார்த்திருந்தார் என்பது தற்செயல் அல்ல.

தமிழில் சோதித்துப் பார்க்கலாம். ‘எனக்கே காது குத்துறியா?’ என்கிறோம். காதுக்குப் பதில் செவி போட்டால் ஏமாற்று வேலை போய்விடுகிறது, மூக்கு போட்டால் ஆசாரியிடம் போய் நிற்கிறது. ‘கம்பி நீட்டினான்’ என்றால் ஓடிவிட்டான். ‘கம்பி எண்ணினான்’ என்றால் பிடிபட்டுவிட்டான். ‘நீளமான கம்பியை நீட்டினான்’ என்றால் இரும்புக் கடை. ‘நல்லாத்தான் கயிறு திரிக்கிறே’ என்று இடையில் ஒரு சொல்லை நுழைக்கலாம். ‘அவனால் கயிறு திரிக்கப்பட்டது’ என்று செயப்பாட்டுவினையாக்கினால் உண்மையான கயிறுதான் கையில் மிஞ்சும். ஆக, மரபுத்தொடர் என்பது ஒரேயடியாக உறைந்த கல் அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு உறைந்திருக்கிறது.

இதிலிருந்து ஒரு முதல் முடிவுக்கு வரலாம். தொடரை நான் கட்டுகிறேன். மரபுத்தொடர் எனக்கு முன்பே கட்டப்பட்டு என் கைக்கு வருகிறது. ஒருவர் பேசும் சொல்லில் பாதி பிறருடையது என்று பக்தின் கருதினார். மரபுத்தொடரில் பாதிக்கும் மேலே பிறருடையது. அதைச் சொல்லும்போது பேசுபவன் நான்தானா, எனக்குள் இருந்துகொண்டு பாட்டியோ, ஊரோ, சாதியோ பேசுகிறதா என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது.

பொருள் சொற்களுக்கு வெளியே இருப்பது நம் இலக்கணக்காரர்களுக்குத் தெரியாததல்ல. அன்மொழித்தொகை என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். பொற்றொடி என்றால் தொடி அல்ல, அதை அணிந்தவள். ஆனால் அங்கே பொருளை எட்டிப் பிடிக்க விதி உண்டு. காது குத்துவதிலிருந்து ஏமாற்றுவதற்குப் போக எந்த விதியும் கிடையாது. கூட இருந்து பழகினால்தான் உண்டு.

3

மூன்றாவது வகையான சொல்வழக்கை எல்லாவற்றையும் போட்டுவைக்கும் சாக்கு மாதிரி நடத்துகிறார்கள். எனக்கு அதன் முக்கியத்துவம் ஒரு சாவு வீட்டில்தான் புரிந்தது.

எங்கள் பகுதியில் ஒரு பட்டறையில் பீகாரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் வேலை செய்கிறார். இரண்டே வருடத்தில் தமிழ் நன்றாக வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, லேத் மெஷின் பக்கத்தில் படித்தது. ‘சாப்டாச்சாண்ணே’, ‘பரவால்லண்ணே’, ‘போயிட்டு வரேண்ணே’ என்பவை எழுவாய் எது பயனிலை எது என்று தெரிவதற்கு முன்பே முழுசாக வாயில் வந்து உட்கார்ந்துவிட்டன. முதலாளியின் அம்மா இறந்தபோது அவரும் வந்து, மாலை போட்டு, மரியாதையாக நின்றுவிட்டுக் கிளம்பும்போது, வழக்கம்போல, “போயிட்டு வரேண்ணே” என்றார். ஒரு கணம் பேச்சு நின்றது. ஒரு கிழவி மட்டும், “விடுங்க, அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்” என்றாள். மறுநாள் அவர் என்னிடம் கேட்டார்: “அண்ணே, நேத்து நான் என்ன தப்பாச் சொன்னேன்?”

அவர் சொன்னதில் இலக்கணப் பிழை இல்லை. பொருளும் அவருக்குத் தெரியும். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அங்கே திரும்பி ‘வர’ வேண்டிய சந்தர்ப்பம் வேண்டாம் என்பது வழக்கு. அங்கே சரியான சொல்வழக்கு மௌனம். இதை எந்த அகராதியில் எந்தச் சொல்லின் கீழ் போடுவது?

தொடருக்குப் பொருள் முக்கியம், மரபுத்தொடருக்கு வடிவம் முக்கியம் என்றால், சொல்வழக்குக்கு உறவு முக்கியம். யார், யாரிடம், எந்த இடத்தில் என்பதுதான் அதன் இலக்கணம். இறப்பைச் சொல்லும் வழக்குகளையே பாருங்கள். காலமானார், தவறிட்டாரு, சிவலோகப் பதவி அடைந்தார், பரமபதித்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், மவுத்தாயிட்டாரு, இயற்கை எய்தினார், செத்துப் போனான், மண்டையைப் போட்டுட்டான். பாடப்புத்தகக் கண்ணுக்கு இவை ஒருபொருட் பன்மொழி. வாழ்கிறவர் கண்ணுக்கு ஒவ்வொன்றும் ஒரு மதம், ஒரு சாதி, ஒரு கட்சி, ஒரு மரியாதை, ஒரு வன்மம். பண்ணையார் ‘காலமாகிற’ ஊரில் பண்ணையாள் ‘செத்துப் போகிறான்’. சாவில்கூட இருவரும் ஒரே வினைச்சொல்லைப் பகிர்ந்துகொள்ள அனுமதியில்லை.

நன்னூல் இதைத் தொட்டிருக்கிறது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி மூன்றையும் அது ‘தகுதி வழக்கு’ என்கிறது. எதைச் சொல்வது எங்கே தகும் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. நாம் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, மூன்று பெயர்களையும் மூன்று எடுத்துக்காட்டுகளையும் மட்டும் மனப்பாடப் பகுதியாக்கிக்கொண்டோம்.

சொல்வழக்குகள் இயற்கையாக வளர்ந்தவை என்று நினைப்பதும் மயக்கம். ‘நமஸ்காரம்’ போய் ‘வணக்கம்’ வந்ததும், 1967 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அரசு ஏடுகளில் ‘ஸ்ரீ’ போய்த் ‘திரு’ வந்ததும், கடவுள் மறுப்பாளர்கள் தங்கள் இரங்கல் குறிப்புகளில் பதவியும் லோகமும் வேண்டாமென்று இயற்கையை எடுத்துக்கொண்டதும் அரசியல். இன்று அவற்றைச் சொல்லும்போது யாருக்கும் அரசியல் பேசுகிறோம் என்ற நினைப்பு இருப்பதில்லை. வெற்றி பெற்ற சொல்வழக்கின் அடையாளம் அதுதான்.

4

இப்போது ‘மரபுத்தொடர்’ என்ற பெயருக்கு வருவோம். இடியம் என்ற கிரேக்க வேர்ச்சொல்லில் ‘தனக்கே உரியது’ என்ற அர்த்தம் இருக்கிறது. தமிழில் அதை ‘மரபு’ ஆக்கிவிட்டோம். யாருடைய மரபு?

எந்தப் பொருளை எந்தச் சொல்லால் உயர்ந்தோர் சொன்னார்களோ அப்படியே சொல்வதுதான் மரபு என்பது நன்னூலின் நிலைப்பாடு. வழக்கு என்பதே உயர்ந்தோரைச் சார்ந்தது என்று தொல்காப்பிய மரபியலும் சொல்கிறது. மரபியலில் விலங்குகளின் குட்டிகளுக்கு என்னென்ன பெயர் என்ற பட்டியல் இருக்கிறது. அதே இயலில் அந்தணருக்கு, அரசருக்கு, வைசிகருக்கு, வேளாண் மாந்தருக்கு எவையெவை உரியவை என்ற பட்டியலும் இருக்கிறது. பின்னது இடைச்செருகல் என்று வாதிடுவோர் உண்டு. இடைச்செருகலாகவே இருக்கட்டும். செருகியவருக்கு அதைச் செருக ‘மரபு’ என்ற தலைப்புதான் பொருத்தமாகப் பட்டிருக்கிறது. எது எதை எப்படிச் சொல்லலாம் என்பதும், யார் யார் எதை எதை வைத்துக்கொள்ளலாம் என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகிற விஷயங்கள் என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

இது பழங்கதை அல்ல. ‘மரபுப் பிழை நீக்குக’ என்ற கேள்வி நம் தேர்வுகளில் வருவது. காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும். ‘காகம் கத்தியது’ என்று எழுதினால் மார்க் போச்சு. தமிழ்நாட்டின் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் ‘காக்கா கத்துது’ என்றுதான் காதில் விழும். எல்லோரும் சொல்வது பிழை, எவரும் வீட்டில் சொல்லாதது மரபு. வினோதமான இந்தத் தலைகீழை ஆறாம் வகுப்பிலேயே குழந்தை ஏற்றுக்கொண்டாக வேண்டும். அதனிடம் நாம் சொல்வது இதுதான்: உன் அம்மா பேசுவது மொழி, ஆனால் மரபு இல்லை.

மறுபக்கம், பட்டியல்களில் எது எளிதாக நுழைகிறது என்று பாருங்கள். ‘பச்சைக்கொடி காட்டுதல்’ மரபுத்தொடர். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடியது 1856இல். இந்த மரபு அந்த ரயிலைவிட மூத்ததாக இருக்க வாய்ப்பில்லை. ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் புழங்கிய ‘முதலைக் கண்ணீர்’ நம் பட்டியல்களில் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நல்லது, வரட்டும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ‘பல்லு தந்தியடிக்குது’ என்று இன்றும் குளிரில் சொல்கிறோம். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. ‘காலணா பெறாது’ என்கிறோம். 1957இல் நயாபைசா வந்ததோடு அணாக் கணக்குப் போய்விட்டது. பொருள் செத்த பின்னும் தொடர் வாழ்கிறது. ஆகவே மரபுத்தொடர் என்பது பழமையின் சான்றிதழ் அல்ல. புழங்கினால் போதும், நேற்று வந்ததும் மரபுதான். அப்படியானால் ‘பல்பு வாங்கினான்’, ‘மொக்கை போட்டான்’, ‘பிலிம் காட்டினான்’ என்பவை மட்டும் ஏன் கொச்சை? வெள்ளைக்காரனின் ரயில்வே கொடியை உள்ளே விட்ட வாசல், சினிமாக் கொட்டகைக்காரனை ஏன் நிறுத்துகிறது?

என் பள்ளிக்கூட நாளில் மழைக்காலம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் கூலி வேலை இருக்காது. ‘வயித்துல ஈரத்துணியைக் கட்டிக்கிட்டுப் படுத்தோம்’ என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் ‘கொச்சை’ என்று எழுதி, மேலே ‘பசியால் வாடினோம்’ என்று திருத்தியிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் அழித்தது ஒரு மரபுத்தொடரை. வைத்தது வெறும் தொடரை. பசியால் யார் வேண்டுமானாலும் வாடலாம். ஈரத்துணி கட்டிக்கொள்பவர்கள் குறிப்பிட்ட சில வீட்டுக்காரர்கள். திருத்தத்தில் காணாமல் போனது எங்கள் வீடு.

இந்தக் கணக்கை வேறு சிலர் நேர்செய்யத் தொடங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. இன்றைய புழக்கத்தை ஆதாரமாகக் கொண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது. அதே ஆண்டில் பாமாவின் ‘கருக்கு’, வீட்டுப் பேச்சையே எழுத்தாக்கிக்கொண்டு வந்தது. சிவப்பு மை அடித்தவை இங்கே அச்சேறின. பள்ளிக்கூடத்துத் தேர்வுத்தாள்தான் இன்னும் பழைய வாசலிலேயே காவல் நிற்கிறது.

5

இந்த இடத்தில் ஒரு சௌகரியமான முடிவுக்கு வந்துவிடலாம்: உயர்ந்தோர் மரபு மோசம், மக்கள் மரபு நல்லது. அவ்வளவு சுலபமில்லை.

பெர்சிவல் 1874இலும் ஜென்சன் 1897இலும் தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார்கள். அவற்றைப் புரட்டினால் மக்கள் வாயிலிருந்து வந்தவற்றில் எத்தனை, இன்னொரு சாதியின் பெயரை வசவாக்குகின்றன, எத்தனை பெண்ணைத் தாழ்த்துகின்றன என்று தெரியும். இன்றும் தெருச் சண்டையில் ஒருவனைக் கோழை என்று சொல்ல ‘வளையலைப் போட்டுக்கோடா’ என்கிறோம். மீண்டும் அதே ‘போடு’. சொல்பவன் பெண்களைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்வான். உண்மைதான், அவன் சொல்லவில்லை, அவன் வாயிலிருக்கும் தொடர் சொல்கிறது.

மரபுத்தொடரின் ஆபத்து அதன் வடிவத்திலேயே இருக்கிறது. ‘பெண்கள் கோழைகள்’ என்று ஒரு தொடரில் சொன்னால், இல்லையென்று மறுக்கலாம், ஆதாரம் கேட்கலாம். தொடர் தன்னைப் பிரித்துப் பார்க்க இடம் தருகிறது. மரபுத்தொடரைப் பிரித்தால் பொருள் போய்விடும் என்று நாம்தானே சொல்லிக்கொடுக்கிறோம்? பிரிக்கக் கூடாதது என்பதால் உள்ளே இருக்கும் சரக்கும் சோதனையில்லாமல் கடந்துபோகிறது. கருத்தியல் தன்னை இயல்பாகக் காட்டிக்கொள்ள இதைவிட வசதியான பொட்டலம் கிடைக்காது. ‘வாங்க’, ‘வா’, ‘டேய்’ என்று ஒரு சொல்லிலேயே ஆளை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திவிடுகிற சொல்வழக்கும் அப்படித்தான். அல்தூசர் தெருவில் போலீஸ்காரன் கூப்பிடுவதை உதாரணம் காட்டினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, டீக்கடை போதும்.

இதன் உச்சம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதன் ஊற்று தமிழில் இருக்கிறது. கட்டுமரம், சுருட்டு, கறி என்ற சொற்களைப் போலவே பறையர் என்ற சாதிப் பெயரும் காலனியக் காலத்தில் ஐரோப்பிய மொழிகளுக்குப் போயிற்று. அங்கே அது ஒரு மக்களின் பெயராக நிற்கவில்லை. ஒதுக்கப்பட்டவர், யாரும் சேர்த்துக்கொள்ளாதவர் என்ற பொதுச்சொல்லாயிற்று. உலக நாடுகளால் ஒதுக்கப்பட்ட நாட்டை ‘பரையா ஸ்டேட்’ என்று இன்றும் ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுகின்றன. தெருநாய்க்கும் அந்தப் பெயர் ஒட்டியிருக்கிறது. எழுதுபவருக்கு அது வெறும் எக்ஸ்பிரஷன். நம்முடைய ஒரு சேரிப் பெண் ஆங்கிலம் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகராதியில் அர்த்தம் பார்க்கிறாள். அவளுடைய மக்களின் பெயர், அர்த்தமாகத் திரும்பி வந்து நிற்கிறது. இந்தச் சொல்லை வாக்கியத்தில் அமைத்து எழுதுக என்று அவளிடம் கேட்க முடியுமா? மரபுத்தொடர்களை அர்த்தத்தோடு மட்டும் கற்பித்தால் போதும் என்கிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

6

ஆங்கிலம் கற்பதைப் பற்றியும் ஒன்று. நம் மாணவர்கள் மழை பூனையும் நாயுமாகப் பெய்வதையும், கிழவர்கள் வாளியை உதைத்துச் சாவதையும் நெட்டுருப் போட்டவர்கள். இப்போது கைப்பேசியைத் தட்டினால் இப்படி நூறு வந்து விழும். ஆனால் அந்த மாணவன் இன்டர்வியூ அறைக்குள் நுழையும்போது திணறுவது இவை தெரியாமல் அல்ல. கதவைத் திறந்ததும் என்ன சொல்வது, புரியாத கேள்வியை மரியாதை கெடாமல் எப்படித் திருப்பிக் கேட்பது என்று தெரியாமல்தான். மரபுத்தொடர் கைநிறைய இருக்கிறது, சொல்வழக்கு ஒன்றுமில்லை. பட்டறை இளைஞரின் கதைக்கு நேர் எதிர்.

தாய்மொழிக்காரர்கள், இலக்கணம் அனுமதிக்கும் வாக்கியங்களில் சிறு பகுதியைத்தான் உண்மையில் பேசுகிறார்கள். ஆயத்தக் கோவைகளை நினைவில் அடுக்கி வைத்திருப்பதால்தான் சரளமாகப் பேசுகிறார்கள் என்று பாலி, சைடர் இருவரும் 1983இல் எழுதினார்கள். மைக்கேல் லூயிஸ் 1993இல் இதே பாதையில், மொழியைக் கோவை கோவையாகவே கற்பிக்க வேண்டுமென்று ஒரு முறையையே முன்வைத்தார். பயனுள்ள பார்வைதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தாய்மொழிக்காரருடைய கோவைகள்? ‘டூ த நீட்ஃபுல்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்று இந்திய அலுவலகங்கள் தலைமுறைகளாகப் புழங்கியவை இன்றும் பிழைப் பட்டியலில் இருக்கின்றன. ஆங்கிலத்துக்கும் ஒரு நன்னூல் உண்டு, அதற்கும் உயர்ந்தோர் உண்டு.

சரி, நண்பருக்கு என்ன பதில்? மூன்றும் மூன்று விதச் சொற்கூட்டங்கள் அல்ல. மொழியோடு மூன்று விதமான உறவுகள். ஒரே சொற்கூட்டம் ஒருவர் வாயில் தொடராகவும் இன்னொருவர் வாயில் மரபுத்தொடராகவும் வேறொரு வாசலில் சொல்வழக்காகவும் இருக்க முடியும். தொடரிடம், இதை எப்படிக் கட்டியிருக்கிறது, நான் வேறு மாதிரி கட்டலாமா என்று கேட்க வேண்டும். மரபுத்தொடரிடம், எங்கிருந்து வந்தாய், உன்னைச் சொன்னால் யாருக்கு வலிக்கும் என்று கேட்க வேண்டும். சொல்வழக்கிடம், யார் யாரிடம் எங்கே சொல்வது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்று கேட்க வேண்டும்.

இதை எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு தோழர். ஆனா பரீட்சையில ‘பொருத்துக’ன்னுதான் வரும். நாப்பது பேர் இருக்கற கிளாஸ்ல இதையெல்லாம் எங்க பேசறது?” நியாயமான கேள்வி. பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்லும் இடத்தில் அவர் இல்லை. அவருக்குக் கீழே நாற்பது குழந்தைகளின் மார்க் இருக்கிறது. வீட்டு மொழியே போதும் என்று நாம் இங்கே எழுதிவிட்டுப் போய்விடலாம். ‘காகம் கரையும்’ என்று எழுதாத குழந்தைதான் அங்கே மார்க்கை இழக்கும்.

ஆகவே பட்டியலோடு ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கலாம் என்று சொன்னேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ வழங்கும் ஒரு தொடரை, வழங்குகிறபடியே எழுதுக. அதை யார், யாரிடம், எப்போது சொல்வார்கள், யாரிடம் சொல்ல மாட்டார்கள் என்றும் எழுதுக. இதற்கு விடைக்குறிப்பு தயாரிக்க முடியாது. திருத்துகிற ஆசிரியர் குழந்தையிடம்தான் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். சிவப்பு மை அங்கே கொஞ்சம் தயங்கும். மாதத் தேர்வில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.